ஜூனோ (திரைப்படம்)

ஜூனோ 2007 ஆம் ஆண்டு வெளிவந்த அமெரிக்கத் திரைப்படம் ஆகும். எதிர்பாராமல் கருவுற்ற 16 வயதுப் பள்ளி மாணவி ஒருத்தி, பிறக்கப்போகும் குழந்தையைத் தத்துக் கொடுக்க முடிவு செய்வதே இதன் கதை. ஜேசன் ரைட்மேன் இயக்கிய இரண்டாவது முழுநீளப் படம் இது. டயாப்லோ கோடி எழுதிப் படமான முதல் திரைக்கதை. ஒரு கோடி டாலருக்கும் குறைவான செலவில் எடுக்கப்பட்டு, உலகெங்கும் 23 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 2008 இல் நடந்த 80 ஆவது ஆஸ்கர் விழாவில் சிறந்த படம், இயக்குநர், நடிகை, அசல் திரைக்கதை என நான்கு பிரிவுகளில் பரிந்துரை பெற்று, திரைக்கதைக்கான விருதை வென்றது.

நாயகியாக நடித்தவர் எலியட் பேஜ். அப்போது எலன் பேஜ் என்ற பெயரில் அறியப்பட்ட இவர், 2020 டிசம்பரில் தம்மைத் திருநர் என அறிவித்துப் பெயரை மாற்றிக்கொண்டார். ஜூனோ என்பது ரோமானியத் தொன்மத்தில் ஜூபிடரின் மனைவி பெயர். மகப்பேற்றைக் காக்கும் தெய்வமும் அவளே. பெயர் பொருத்தமாகவே அமைந்துள்ளது.

கதை

மினசோட்டா மாநிலத்துச் சிறு நகரம் ஒன்றில் கதை நடக்கிறது. (படப்பிடிப்பு பெரும்பாலும் கனடாவின் வான்கூவர் பகுதியில் நடந்தது.) இலையுதிர்காலம் முதல் கோடை வரை நான்கு பருவங்களாகப் படம் பகுக்கப்பட்டுள்ளது. கருவின் வளர்ச்சியும் பருவங்களோடு சேர்ந்தே நகர்கிறது.

ஜூனோ வாய்த்துடுக்கு மிக்கவள். பள்ளி ஓட்டப்பந்தய அணியில் இருக்கும் பாலி பிளீக்கர் (மைக்கேல் செரா) அவளுடைய நண்பன். ஒருநாள் நெருக்கத்தின் விளைவாக அவள் கருவுறுகிறாள். முதலில் கருக்கலைப்பு மையத்துக்குச் செல்கிறாள். வாசலில் தனி ஆளாகப் பதாகை பிடித்து நிற்கும் சகமாணவி, கருவுக்கு இந்நேரம் நகங்கள் முளைத்திருக்கும் என்கிறாள். உள்ளே காத்திருக்கும் அறையில் யாரைப் பார்த்தாலும் நகம்தான் கண்ணில் படுகிறது: ஒருவர் சொறிகிறார், ஒருவர் மேசையில் தட்டுகிறார். ஜூனோ வெளியே ஓடிவிடுகிறாள்.

அவள் விஷயத்தைப் பெற்றோரிடம் சொல்லும் காட்சி பலருக்கு வியப்பளிக்கும். அடியும் இல்லை, ஓலமும் இல்லை. அவள் அகன்றபின், பள்ளியிலிருந்து நீக்கிவிட்டார்களோ, போதைப்பழக்கமோ என்றுதான் நினைத்தோம் என்று தந்தையும் (ஜே. கே. சிம்மன்ஸ்) சிற்றன்னையும் (அலிசன் ஜேன்னி) பேசிக்கொள்கிறார்கள். கதைகளில் வழக்கமாக வரும் கொடுமைக்காரச் சித்தி இங்கு இல்லை. ஸ்கேன் எடுக்கும் பெண் ஜூனோவை இழிவாகப் பேசும்போது எழுந்து நின்று சண்டை போடுபவள் இந்தச் சித்திதான்.

லோரிங் தம்பதி

விளம்பரத் தாள் ஒன்றின் வழியாக, குழந்தைக்கு ஏங்கும் வனெசா, மார்க் லோரிங் தம்பதியை (ஜெனிஃபர் கார்னர், ஜேசன் பேட்மேன்) ஜூனோ கண்டடைகிறாள். படத்தின் உண்மையான பலம் இவர்கள் பகுதியில்தான் உள்ளது.

தொடக்கத்தில் வனெசா விறைப்பானவளாகத் தெரிகிறாள். வீட்டில் எல்லாம் வரிசை, எல்லாம் ஒழுங்கு. மார்க்கோ விளம்பரங்களுக்கு இசையமைப்பவன்; கிட்டார், பழைய திகில் படங்கள், சித்திரக்கதைகள் என ஜூனோவுடன் சமமாகப் பேசுகிறான். பார்வையாளரும் ஜூனோவைப் போலவே மார்க்கின் பக்கம் சாய்கிறார். பின்பு ஒரு வணிக வளாகத்தில் தோழியின் குழந்தையோடு வனெசா விளையாடுவதை ஜூனோ தற்செயலாகப் பார்க்கிறாள். வனெசா மண்டியிட்டு ஜூனோவின் வயிற்றோடு பேச, குழந்தை உதைக்கிறது. அந்த இடத்தில் கணக்கு மாறத் தொடங்குகிறது.

பிரசவம் நெருங்கும் வேளையில், தான் வனெசாவை விட்டுப் பிரியப்போவதாக மார்க் ஜூனோவிடம் சொல்கிறான். இளமையோடு இருப்பவன் என்று அவள் மதித்தவன், உண்மையில் வளர மறுத்தவன். அவள் சாலையோரம் வண்டியை நிறுத்தி அழுகிறாள். ஒரு ரசீதின் பின்புறம் ஏதோ எழுதி லோரிங் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போகிறாள். அதில் என்ன இருந்தது என்பதை இயக்குநர் உடனே காட்டவில்லை. குழந்தை பிறந்தபின், வனெசா அதைச் சட்டமிட்டுக் குழந்தையின் அறையில் மாட்டியிருக்கும்போதுதான் தெரிகிறது: உனக்கு இன்னும் விருப்பமென்றால் எனக்கும் சம்மதம் என்பதே அதன் பொருள். கணவன் இல்லாத வனெசாவிடமே குழந்தை சேர்கிறது. வயதால் பெரியவர் யார், பொறுப்பால் பெரியவர் யார் என்று 16 வயதுப் பெண் தானே பிரித்தறிந்து முடிவெடுக்கிறாள்.

இசையும் உரையாடலும்

ஜூனோ எத்தகைய இசை கேட்பாள் என்று இயக்குநர் வினவியபோது, பேஜ் சொன்னது தி மோல்டி பீச்சஸ் என்ற குழுவின் பெயரை. அக்குழுவைச் சேர்ந்த கிம்யா டாசனின் எளிய கிட்டார் பாடல்கள் படம் முழுவதும் ஒலிக்க இதுவே காரணம். பாடல் தொகுப்பு 2008 சனவரியில் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது.

உரையாடல் பற்றிக் கருத்து ஒன்றாக இல்லை. எந்தப் பதின்வயதினரும் இவ்வளவு சொற்சாலத்தோடு பேசமாட்டார்கள் என்பது ஒரு குறை. முதல் கால் மணி நேரத்துக்கு அது நியாயமான குறையே. ஆனால் பயப்படும்போதெல்லாம் ஜூனோ அதிகமாகக் கிண்டல் செய்கிறாள் என்பதைக் கவனித்தால், அந்தப் பேச்சு ஒரு கவசம் என்பது புரியும். மார்க் வீட்டிலிருந்து திரும்பியபின் தந்தையிடம் பேசும் காட்சியில் அவள் சாதாரணமாகவே பேசுகிறாள்.

எழுந்த விவாதங்கள்

விமர்சகர் ராஜர் ஈபர்ட் 2007 இன் சிறந்த படமாக இதைத் தேர்ந்தெடுத்தார். மறுபுறம், இளவயதுக் கர்ப்பத்தைப் படம் எளிதாக்கிக் காட்டுகிறது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 2008 இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் நகர உயர்நிலைப் பள்ளியில் வழக்கத்தைவிடப் பல மாணவியர் கருவுற்ற செய்தி வந்தபோது, ஊடகங்கள் 'ஜூனோ விளைவு' என்று எழுதின. எண்கள் அதற்குத் துணைநிற்கவில்லை. அமெரிக்காவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் ஆயிரம் பேருக்குப் பிரசவ எண்ணிக்கை 2007 இல் சுமார் 42 ஆக இருந்தது. 2020 இல் சுமார் 15 ஆகக் குறைந்தது.

கருக்கலைப்பு குறித்த சர்ச்சை இன்னும் ஓயவில்லை. மையத்திலிருந்து ஜூனோ ஓடிவருவதைக் கருக்கலைப்பு எதிர்ப்பாளர்கள் தங்களுக்கு ஆதரவாகக் கொண்டனர். பெண்ணின் தேர்வுரிமையை ஆதரிக்கும் கோடி, பிற்காலச் சூழலை முன்பே அறிந்திருந்தால் இப்படத்தை எழுதியிருப்பாரா என்பதே ஐயம் எனப் பின்னர் கூறினார்.

குழந்தையைப் பிரியும் தாயின் துயரத்தைப் படம் விரைவாகக் கடந்துவிடுகிறது என்ற குறை இவற்றினும் கனமானது. மருத்துவமனைக் கட்டிலில் ஜூனோ கண்ணீர் வடிக்கும் காட்சி சில நொடிகளே நீடிக்கிறது. தந்தை அருகில் அமர்ந்து தேற்றுகிறார். குழந்தையைப் பார்க்க வேண்டாம் என்று அவளும் பிளீக்கரும் முடிவு செய்கிறார்கள். அடுத்து கோடைக்காலம். இருவரும் வாசற்படியில் அமர்ந்து கிட்டார் வாசித்துப் பாடுகிறார்கள்.