பழைய பேப்பர், துண்டுத் துணி, கைப்பிடி வெந்தயம்... குழந்தைகளின் மூலையை அழகாக்க இது போதும்!

புதுச்சேரி நகரத்தில், எஸ்.வி.படேல் சாலையில் ஸ்ரீஅரவிந்தர் ஆசிரமத்தின் கைவினைக் காகித ஆலை இருக்கிறது. 1959-ம் ஆண்டு தொடங்கியது. இங்கே காகிதம் செய்ய மரம் வெட்டுவதில்லை. மிச்சமான பருத்தித் துணித் துண்டுகளைப் பொடிப்பொடியாக நறுக்கி, தண்ணீரில் அடித்துக் கூழாக்குகிறார்கள். அந்தக் கூழை வலைச் சட்டத்தில் அள்ளி, பிழிந்து, உலர்த்தினால் காகிதம். பூவிதழ் தூவிய தாளும் அங்கே உண்டு.

புதுச்சேரி வட்டாரத்தில் பெயர் எடுத்த கைவேலைகள் பலவும் இப்படி மிச்சம் மீதியிலிருந்து வந்தவைதான். திருக்கனூர்ப் பக்கம் பழைய காகிதத்தைக் கூழாக்கிப் பொம்மை செய்கிறார்கள். 'பேப்பர் மாஷே' என்று பெயர். பிரெஞ்சில் 'மென்ற காகிதம்' என்று பொருள். வில்லியனூரில் ஏரி, குளத்துக் களிமண்ணுக்கு நிகராக மலிவான பொருள் வேறு கிடையாது; அதுவே சுடுமண் சிற்பமாகிறது. இந்த இரண்டு ஊர் வேலைகளும் புவிசார் குறியீடு பெற்றவை. சுடுமண் கலைஞர் வி.கே.முனுசாமிக்கு 2020-ம் ஆண்டு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. நகரத்துக்கு வடக்கே ஆரோவில்லில், 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு மீனவப் பெண்கள் துண்டுத் துணியில் தைத்த விரல் உயரப் பொம்மை, 'சுனாமிகா' என்ற பெயரில் பல நாடுகளுக்குப் போனது. அதை விலைக்கு விற்றதே இல்லை. அன்பளிப்பாகத்தான் கொடுத்தார்கள்.

இந்தச் சரக்கெல்லாம் விவசாயி வீட்டில் எப்போதும் இருப்பவை. காசு போட்டு பிளாஸ்டிக் பூவும் ஒட்டுப்படமும் வாங்கித்தான் குழந்தைகள் இருக்கும் இடத்தை அலங்கரிக்க வேண்டும் என்பதில்லை. குழந்தைக்கென்று தனி அறை எத்தனை வீட்டில் இருக்கிறது என்ற கேள்வி நியாயமானது. கூடத்தில் ஒரு ஜன்னலோரம், புத்தகப்பை தொங்கும் ஒரு சுவர், பாய் விரிக்கும் ஒரு மூலை இருந்தால் போதும்.

பாட்டி கூடையை மறக்கலாமா?

காகிதக் கூழ் நமக்குப் புதிதல்ல. ஒரு தலைமுறைக்கு முன்பு வரை, பழைய பேப்பரையும் வெந்தயத்தையும் ஊறவைத்து ஆட்டி, கவிழ்த்த பானைமேல் அப்பிக் கூடை செய்யாத கிராமம் குறைவு. வெந்தயத்தின் வழவழப்பு பசையாகிறது; கசப்பு பூச்சியை ஓரளவு தள்ளி வைக்கிறது. அதே கூடையைச் சிறிதாகச் செய்தால் பென்சில் கிண்ணம், கோலிக்குண்டுத் தட்டு, சுவரில் மாட்டும் மீன், யானை முகம் எல்லாம் ஆகும்.

அரைக் கிலோ நாளிதழுக்கு 100 கிராம் வெந்தயம் போதும். பேப்பரைக் கத்தரிக்காமல் கையால் கிழிக்க வேண்டும். கிழித்த ஓரத்தில் நார் பிரிந்து நிற்பதால் கூழ் நன்றாகப் பிடிக்கும். குழந்தைகளிடம் கொடுத்தால் இந்த வேலை அரை மணியில் முடிந்துவிடும். இரண்டு நாள் ஊறட்டும், நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். பிழிந்து, தனியாக ஊறிய வெந்தயத்தோடு சேர்த்துப் பழைய உரலில் இடியுங்கள். சமையலுக்கு உள்ள மிக்ஸியும் கிரைண்டரும் வேண்டாம், அச்சு மை ஒட்டும். விரலுக்கு நடுவில் உருட்டினால் சப்பாத்தி மாவு போல இருக்க வேண்டும்.

கிண்ணத்தைக் கவிழ்த்து, ஈரத் துணி போர்த்தி, அரை விரல் கனத்துக்கு அப்புங்கள். முதல் நாள் நிழலிலும் பிறகு மூன்று நான்கு நாள் வெயிலிலும் காய வேண்டும். எடுத்ததும் வெயிலில் வைத்தால் மேல்பக்கம் இறுகி உள்ளே ஈரம் நிற்கும், வெடிப்பும் விடும். வெடித்தால் பயமில்லை, அதே கூழை வைத்து அடைத்துவிடலாம். முழுக்கக் காய்ந்ததும் சாக்பீஸ் தூளையும் பசையையும் குழைத்து மேலே ஒரு பூச்சு. உப்புத்தாளால் தேய்த்தால் பானை போல வழவழப்பாகிவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழையோடு கடல் ஈரமும் சேர்ந்துகொள்ளும், கூழ் காய்வதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். மாசியிலிருந்து ஆடி வரை நல்ல காலம். கோடை விடுமுறையும் அதற்குள்தான் வருகிறது.

இன்னொன்று. பாட்டி அந்தக் கூடையில் மாவு வைத்தார், வற்றல் வைத்தார். இப்போது வேண்டாம். அச்சு மை உணவில் சேர்வது உடம்புக்கு ஆகாது என்பதால்தான் நாளிதழில் பலகாரம் மடிக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்புத் துறை 2016-ல் எச்சரித்தது. பென்சிலும் பொம்மையும் வைக்கத்தான் இந்தக் கூடை.

மயில்துத்தம் கூடாது

மைதாப் பசை போட்டால் கரப்பானும் எலியும் வராதா? வரும். பழைய காலத்தில் போஸ்டர் ஒட்டுகிறவர்களும் புத்தகம் பைண்டிங் செய்கிறவர்களும் பசையில் மயில்துத்தம் கலந்தார்கள். நம் வீடுகளிலும் அது இருக்கும். போர்டோ கலவைக்கு வாங்கியதில் மிஞ்சியது எங்காவது பரணில் கிடக்கும். (போர்டோ என்பதும் பிரான்ஸ் ஊர்தான். 1880-களில் திராட்சைக் கொடியைக் காப்பாற்ற அங்கே கண்டுபிடித்தது.) செடிக்கு நல்லது என்றாலும், பொம்மையை வாயில் வைக்கும் குழந்தைக்கு மயில்துத்தம் விஷம். பார்ப்பதற்கு நீலக் கற்கண்டு போல இருப்பது கூடுதல் ஆபத்து.

வேப்பெண்ணெய் பூசலாமே என்று தோன்றும். கைக்குழந்தை விழுங்கினால் வேப்பெண்ணெயும் கெடுதல் செய்யும். எனவே தவழும் பிள்ளை உள்ள வீட்டில் அதுவும் வேண்டாம். வெந்தயம், நல்ல காய்ச்சல், ஆண்டுக்கு இரண்டு முறை வெயில் காட்டுவது, ஈரச் சுவரில் மாட்டாமல் இருப்பது போதும். பத்து வருடம் உழைக்காவிட்டாலும் பரவாயில்லை. மறுபடி செய்ய என்ன செலவு?

அலங்காரத்துக்குச் சரக்குத் தேடும்போது வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பது நல்லது. நகரத்து வீட்டில் இல்லாத சில ஆபத்துகள் விவசாயி வீட்டில் உண்டு. விதை ஒட்டிப் படம் செய்வது பள்ளியிலேயே சொல்லிக் கொடுக்கும் வேலை. அதற்குப் பிள்ளை எடுப்பது எந்த விதை? விதைத்தது போக மிஞ்சிய பாக்கெட்டில் சிவப்பாக, இளஞ்சிவப்பாக, நீலமாகச் சாயம் ஏறிய விதை இருக்கும். அந்த நிறமே மருந்து கலந்திருக்கிறது என்பதற்கான அடையாளம். படத்துக்கு அழகான நிறம் என்று பிள்ளை அதைத்தான் முதலில் எடுக்கும்.

அடுத்தது குன்றிமணி. களிமண் பிள்ளையாருக்குக் கண் வைப்பதால் அதை யாரும் விஷம் என்று நினைப்பதில்லை. முழுதாக விழுங்கினால் கெட்டித் தோல் காரணமாகச் சில நேரம் அப்படியே வெளியே போய்விடும். மென்றாலோ, மாலை கோக்க ஊசியால் துளைத்திருந்தாலோ உள்ளிருக்கும் நஞ்சு உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு, காட்டாமணக்கு, அரளி, ஊமத்தை விதைகளும் அலங்காரத்துக்கு ஆகாது. புளியங்கொட்டை, நெல், கம்பு, கேழ்வரகு, கொட்டாங்கச்சித் துண்டு இருக்கும்போது அவை எதற்கு?

மூன்றாவது, காலியான மருந்துக் குப்பி. கழுவிவிட்டோம் என்று அதில் பூ வைப்பதும் பேனா வைப்பதும் இன்னும் நடக்கிறது. பிளாஸ்டிக்கில் ஊறியது கழுவினால் போகாது. மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரையும் தெளிப்பானிலேயே ஊற்றி, குப்பியைக் குத்தி ஓட்டையாக்கிவிட வேண்டும். வீட்டுக்குள் வரவே கூடாது. குழந்தை எதையாவது வாயில் போட்டுவிட்டது என்று சந்தேகம் வந்தால், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். மிச்ச விதையையோ பாக்கெட்டையோ கையில் எடுத்துக்கொண்டு 108-ஐ அழைத்து மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

ஜன்னல் வலையில் ஒரு காகித ஆலை

ஆசிரம ஆலையில் நடப்பதை வீட்டில் சிறிய அளவில் செய்து பார்க்கலாம். பிள்ளைகளுக்கு இதைவிடக் குதூகலமான வேலை கிடையாது. பழைய சிலேட்டுச் சட்டத்தில் ஜன்னல் கொசுவலையை இழுத்து ஆணி அடியுங்கள். எழுதி முடித்த நோட்டுத் தாள்களை ஊறவைத்து, கஞ்சி பதத்துக்கு இடித்து, ஒரு டப் தண்ணீரில் கரையுங்கள். சட்டத்தைச் சாய்வாக உள்ளே விட்டு, மட்டமாகத் தூக்குங்கள். தண்ணீர் வடிந்ததும் மெல்லிய படலம் நிற்கும். அதன்மேல் சங்குப்பூ, சாமந்தி இதழ், வேப்பிலைக் கொழுந்து வைத்து, ஈரமாகவே ஒரு பருத்தித் துணியில் கவிழ்த்து, இன்னொரு துணி போட்டு, பலகை வைத்து மேலே ஏறி நிற்கச் சொல்லுங்கள். எடை குறைவாக இருந்தால் இரண்டு பேர் நிற்கட்டும்! பிறகு துணியோடு நிழலில் காயவிட்டு உரித்தால் தாள் தயார்.

முதல் இரண்டு தாள் கிழியும். மூன்றாவதிலிருந்து சரியாக வரும்.

சாமந்தி நிறம் நிற்கும். சங்குப்பூ நீலம் சில வாரத்தில் வெளுக்கும். செம்பருத்தி கறுத்துப்போகும், அதைத் தவிர்க்கலாம். கூழில் தண்டுக்கீரை விதையைத் தூவிவிட்டால் (மருந்து கலக்காத வீட்டு விதை), அலுத்துப்போன தாளைக் கிழித்து மண்ணில் புதைக்கலாம், கீரை முளைக்கும். ஈரமான தாளை அன்றே நன்கு காற்றோட்டத்தில் உலர்த்தாவிட்டால் விதை தாளிலேயே முளைவிட்டுவிடும் என்பதை மட்டும் கவனித்துக்கொள்ள வேண்டும்.

நிறத்துக்கு எங்கே போவது?

கடை எனாமல் பெயின்ட்டைத் தொடும் முன் டப்பாவைப் படியுங்கள். பளிச்சென்ற மஞ்சளும் சிவப்பும் வர ஈயம் கலப்பது நெடுநாள் வழக்கம். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். எந்த அளவும் பாதுகாப்பானது இல்லை. வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு விதி வகுத்து, 2017 நவம்பரிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பரணில் கிடக்கும் பழைய டப்பா அதற்கு முந்தையதாக இருக்கலாம். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கோ கேட்டுக்கோ வாங்கிய மிச்சத்தைத் தொட்டிலுக்கும் பொம்மைக்கும் அடிக்காதீர்கள்.

செம்மண்ணைக் கரைத்துத் தெளியவைத்து அடியில் படியும் நைஸ் மண்ணை எடுத்தால் காவி. அடுப்புக்கரிக்குக் கறுப்பு, மஞ்சள்தூளுக்கு மஞ்சள், சாக்பீஸ் தூளுக்கு வெள்ளை. கருவேலம்பிசினை ஊறவைத்த தண்ணீரில் குழைத்தால் சுவரிலும் கிண்ணத்திலும் ஒட்டும். மஞ்சள் கரைசலில் துளி சுண்ணாம்பு பட்டதும் சிவக்கும் வித்தையை ஆரத்தித் தட்டில் பார்த்த பிள்ளைகள், அதைத் தூரிகையில் செய்ய ஆசைப்படுவார்கள். சுண்ணாம்பைப் பெரியவர்கள் கையாள வேண்டும், கண்ணில் பட்டால் புண்ணாகிவிடும். மஞ்சள் வெயிலில் வெளுக்கும் என்பதால் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டுங்கள்.

துணித் தோரணம்

பழைய பாவாடை, வேட்டிக் கரை, தையல் கடை துண்டு எதுவானாலும் சரி. கடையில் கேட்டால் ஒரு பை நிறையச் சும்மா கொடுப்பார்கள். முக்கோணமாக வெட்டிக் கயிற்றில் தைத்தால் தோரணம். சுனாமிகா போன்ற பொம்மை இன்னும் எளிது. கொட்டைப்பாக்கு அளவு பஞ்சை வட்டத் துணியில் வைத்துக் கட்டினால் தலை. நீளத் துண்டைச் சுருட்டிக் குறுக்கே வைத்தால் கை. சதுரத் துணி ஒன்றைச் சுற்றினால் பாவாடை. கண்ணுக்குப் பொத்தானும் மணியும் தைக்காமல் நூலாலேயே புள்ளி போடுங்கள். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள வீட்டில், மூன்று சென்டிமீட்டர் வாயுள்ள குழாய்க்குள் நுழையும் எந்தப் பொருளும் தொண்டையை அடைக்கக்கூடும். இந்தப் பொம்மையேகூட அந்த அளவில் இருந்தால் உயரத்தில் மாட்டுவதற்குத்தான். தோரணக் கயிறும் தொட்டில் மேல் தொங்கக் கூடாது, எட்டிப் பிடித்தால் கழுத்தில் சுற்றும்.

ஓரளவு கைபழகிய பிறகு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் புதுச்சேரிக்குப் போய் வரலாம். வில்லியனூரில் இறங்கினால் சுடுமண் வேலையைப் பார்க்கலாம். நகரத்தில் காகித ஆலைத் தாள்களைத் தொட்டுப் பார்க்கலாம். ஞாயிறென்றால் மகாத்மா காந்தி வீதிச் சந்தையில் மலிவுத் துணியும் பழைய புத்தகமும் கிடைக்கும். திரும்பும்போது பையில் ஒரு பூவிதழ்த் தாள் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் செய்த தாளை அதன் பக்கத்தில் வைத்து, எங்கே கனம் கூடியது, எங்கே கூழ் திரிந்தது என்று பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொல்லுவார்கள்.