பேனலுக்குள் எழுதப்படும் முடிவுகள்

மறைமலை நகரிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரை பரவியுள்ள கார், உதிரிபாக, மின்னணு ஆலைகளில், தீ எச்சரிக்கையைக் கட்டுப்படுத்தும் பெட்டியைச் சுருக்கமாகப் பேனல் என்பர். கூரையிலுள்ள புகை, வெப்ப டிடெக்டர்களும், ஆபத்தில் கையால் அழுத்துவதற்கென்று சுவரில் வைத்திருக்கும் மேனுவல் கால் பாயின்ட்களும் தரும் செய்தியைப் பெற்று ஹூட்டரை அலறவைப்பது அதன் வெளிவேலை. எந்தச் செய்தியை உடனே நம்புவது, எதைச் சரிபார்க்கும்வரை காத்திருப்பது, எந்த இயந்திரத்தை எப்போது நிறுத்துவது என்பனவெல்லாம் அதனுள் புரோகிராமாக எழுதப்படுகின்றன. இவ்வெழுத்தை மின்பணியாளரிடம் விட்டுவிடலாம் என்று கருதுவோர் உண்டாயினும், அது ஆலையின் உற்பத்திப் பிரிவும் பாதுகாப்புப் பிரிவும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவாகும்.

அட்ரஸபிள் எனப்படும் வகையில், பேனலிலிருந்து புறப்படும் இரு கம்பிகள் கட்டடத்தைச் சுற்றிப் பேனலுக்கே திரும்புவதால் அச்சுற்று லூப் எனப்படுகிறது; ஓரிடத்தில் கம்பி அறுந்தாலும் இரு முனைகளிலிருந்தும் தொடர்பு கிடைக்கும். லூப்பிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண்ணும், அதன் இடத்தைச் சொல்லும் பெயரும் தரப்படுகின்றன. திரையில் ‘லூப் 1, டிடெக்டர் 47’ என்று மட்டும் தோன்றினால் இரவு ஷிஃப்ட் காவலருக்கு அதனால் பயனில்லை. ‘பெயின்ட் ஷாப், மேற்கு வாசல்’ என்று தோன்றினால் அவர் நேராக ஓடுவார். மிக எளிய இவ்வேலையே மிகவும் அலட்சியமாகச் செய்யப்படுகிறது என்பதுதான் வியப்பு.

அடுத்தது, எது நேர்ந்தால் எது நடக்க வேண்டும் என்னும் அட்டவணை. இதனைத் தொழிலில் காஸ் அண்ட் எஃபெக்ட் என்பர். ஒரு புகைச் செய்தி வந்தவுடன் ஏசி காற்றோட்டம் நிற்க வேண்டும், கார்டு தேய்த்துத் திறக்கும் கதவுகள் தாமாக விடுபட வேண்டும், ஆனால் மின்கருவி அறையில் வாயு பீய்ச்சப்படுவதற்கு இரண்டாவது டிடெக்டரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பன போன்ற விதிகள் இதில் அமைகின்றன. பொய் எச்சரிக்கையால் அசெம்பிளி லைன் நின்றால் இழப்பு மிகுதி; அடிக்கடி நின்றாலோ தொழிலாளர் ஹூட்டரைப் பொருட்படுத்தாமல் போவது அதனினும் பெரிய இழப்பு. எனவே தாமதம் அனுமதிக்கப்படுகிறது, ஆனால் அளவோடு: ஐரோப்பிய இஎன் 54-2 நெறி, ஹூட்டர் போன்ற வெளியீடுகளை அதிகபட்சம் 10 நிமிடம் தாமதப்படுத்த இடந்தருகிறது; அமெரிக்க என்எஃப்பிஏ 72 நெறியின் ஒரு முறையில், காவலர் 15 விநாடிக்குள் செய்தியைப் பெற்றதாக ஒப்புக்கொண்டால் மட்டுமே நேரில் போய்ப் பார்க்க 180 விநாடி வரை கிடைக்கும், அதற்குள் இன்னொரு டிடெக்டர் இயங்கினால் காத்திருப்பு அங்கேயே முடிந்துவிடும். மனிதர் கையால் அழுத்திய கால் பாயின்ட்டைத் தாமதத்துக்கு உட்படுத்துவது எவ்வகையிலும் பொருந்தாது. அழுத்தியவர் தீயைக் கண்ணால் பார்த்திருக்கிறார்.

வெல்டிங் வேலைக்காக ஒரு பகுதியை ஐசோலேட் செய்வது, அதாவது அங்கிருந்து வரும் செய்தியைத் தற்காலிகமாக ஒதுக்குவது, அன்றாட நடைமுறை. வேலை முடிந்தபின் அதை மீட்க மறந்தால் அப்பகுதி காவலற்றதாகிவிடும் என்பதால், ஒதுக்கம் நீடிக்கும்வரை பேனலில் தனி விளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று நெறிகள் வற்புறுத்துகின்றன. நாள்தோறும் எரியும் மஞ்சள் விளக்கு கண்ணுக்குப் பழகிவிடுவதையோ எந்த நெறியாலும் தடுக்க இயலாது.

மறைமலை நகர்–ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பட்டையின் கட்டடங்கள் நெடுநாள் ஒரே தொழிலுக்குரியனவாக இருப்பதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2014இல் மூடப்பட்ட நோக்கியாவின் கைபேசி ஆலையைப் பின்னர் சால்காம்ப் நிறுவனம் வாங்கிச் சார்ஜர் உற்பத்திக்குப் பயன்படுத்தியது. மறைமலை நகரின் ஃபோர்டு ஆலையில் 2022இல் கார் உற்பத்தி நின்றது. கூரை அப்படியே இருக்க, அதன்கீழ் தடுப்புச்சுவரும் சேமிப்புப் பொருளும் மாறும்போது, இப்போது இல்லாத அறைகளின் பெயரைப் பழைய புரோகிராம் சொல்லிக்கொண்டிருக்கக்கூடும். இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 2189 டிடெக்டர்களின் தேர்வு, பொருத்தம், பராமரிப்பு ஆகியவற்றை வகுத்திருந்தாலும், சுவர் எழுந்த செய்தியைப் பேனலிடம் யாரேனும் சொன்னால்தான் அதற்குத் தெரியும்.

புரோகிராமில் ஒரு வரியைத் திருத்தும்போது தொடர்பில்லாத மற்றொரு வரி கெடுவது கணினித்துறையில் அனைவரும் அறிந்த சங்கடம். ஆகவேதான் என்எஃப்பிஏ 72, திருத்தத்துக்குட்பட்ட செயல்கள் முழுவதையும் சோதிப்பதோடு, திருத்தம் தொடாத கருவிகளிலும் பத்தில் ஒரு பங்கை, அதிகபட்சம் 50 என்னும் வரம்புக்குள், மீண்டும் இயக்கிப் பார்க்கச் சொல்கிறது.