முசுபியைச் சுற்றிய கடற்பாசி

ஹவாயின் ஹொனலுலுவில் படிக்கும் மகனைப் பார்த்து வந்த வாசகி ஒருவர், அங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும் ஸ்பாம் முசுபி என்ற சோற்றுக்கட்டியை வீட்டில் செய்துபார்த்தாராம். சோறு உதிர்ந்துவிட்டது, ஏன் என்று கேட்டு எழுதியிருக்கிறார். கைப்பக்குவத்தில் குறையில்லை, அரிசிதான் காரணம். நம் பொன்னியில் அமைலோஸ் என்ற மாவுப்பொருள் அதிகம்; அதனால் சோறு பொலபொலவென்று இருக்கும். முசுபிக்கு அது குறைவாக உள்ள ஜப்பானிய குட்டை அரிசியோ, கலிபோர்னியாவின் கால்ரோஸோ வேண்டும். கஞ்சியை வடிக்காமல், வைத்த தண்ணீர் முழுதும் வற்றும்படி வேகவிடுங்கள்.

ஸ்பாம் என்பது தகர டப்பாவில் அடைத்த பன்றி இறைச்சி. அமெரிக்காவின் ஹார்மல் நிறுவனம் 1937-இல் அறிமுகப்படுத்தியது. இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்தோடு ஹவாய்த் தீவுகளில் பரவியது. கரும்புத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த ஜப்பானியக் குடும்பங்கள் ஏற்கெனவே அங்கே சோற்றைப் பிடித்துக் கடற்பாசி சுற்றிச் சாப்பிட்டுவந்தன. இரண்டும் சேர்ந்ததுதான் ஸ்பாம் முசுபி. 340 கிராம் டப்பாவை எட்டுத் துண்டாக்கி, எண்ணெய் விடாமல் சிவக்க வாட்டி, சோயா சாஸும் சர்க்கரையும் சேர்த்துப் புரட்டினால் போதும். காலி டப்பாவே அச்சு. அதற்குள் பிளாஸ்டிக் தாளை விரித்து, சூடான சோற்றை அழுத்தி, தாளோடு தூக்கி எடுங்கள். இறைச்சியை மேலே வையுங்கள்.

இனி, சுற்றும் நோரித் தாள். என் மனம் நிற்பது இதில்தான். கடையில் பச்சையாகத் தெரியும் நோரி உண்மையில் சிவப்புப் பாசி இனம். வாட்டும்போது சிவப்பு நிறமி சிதைந்து, உள்ளிருந்த பச்சையம் மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. கழுவி, பொடியாக நறுக்கி, காகிதம் செய்வதைப் போலவே சட்டத்தில் ஊற்றிக் காயவைத்த தாள் இது.

ஜப்பானியர் இதைப் பல நூற்றாண்டுகள் வளர்த்தும், குளிர்காலம் முடிந்து மறையும் பாசி கோடையில் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் இருந்தது. இலையுதிர்காலத்தில் வலையில் தானாக வந்து ஒட்டினால்தான் விளைச்சல். போருக்குப் பின் அதுவும் சரிந்து, வளர்ப்போர் கடனில் தவித்தார்கள். விடை வந்தது இங்கிலாந்திலிருந்து. பாசி ஆய்வாளர் காத்லீன் ட்ரூ-பேக்கர், நோரிக்கு உறவான தன் நாட்டுக் கடற்கரைப் பாசியை ஆய்வகத்தில் வளர்த்தபோது, அதன் வித்துகள் சிப்பி ஓட்டைத் துளைத்து உள்ளே புகுந்து, இளஞ்சிவப்பு இழைகளாகப் படர்வதைக் கண்டார். அந்த இழைகளுக்கு அதுவரை வேறொரு செடி என்று தனிப்பெயர் இருந்தது! 1949-இல் நேச்சர் இதழில் இதை வெளியிட்டார். ஜப்பானிய அறிஞர்கள் அதே சுழற்சி நோரியிலும் நடப்பதைக் காட்ட, தொட்டிகளில் சிப்பி ஓடுகளை வைத்து வித்தெடுக்கும் முறை பிறந்தது.

இந்த ஆய்வைச் செய்யும்போது ட்ரூ-பேக்கருக்குச் சம்பளம் இல்லை. திருமணமான பெண்களை வேலையில் வைப்பதில்லை என்ற மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் விதி அவருடைய விரிவுரையாளர் பணியைப் பறித்திருந்தது. பயன் என்ன என்று கேட்டிருந்தால், கண்ணுக்கே தெரியாத இழையைப் பற்றி அவரால் என்ன சொல்லியிருக்க முடியும்? இன்றும் பாசி, பூஞ்சை படிக்க வரும் மாணவியிடம் முதலில் அதைத்தான் கேட்கிறோம். ட்ரூ-பேக்கர் 1957-இல் இறந்தார், ஜப்பானுக்குப் போனதேயில்லை. 1963-இல் அந்நாட்டின் குமாமோட்டோவில் உள்ள உட்டோவில் அவருக்கு நினைவுக்கல் எழுப்பினார்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 14 அன்று அங்கே விழா நடக்கிறது.

நோரி வாங்கினால், மழைக்காலத்தில் எங்கள் வீட்டு அப்பளத்தைப் போல அதுவும் நமத்துப்போகும். பிரித்ததும் இறுக மூடிய டப்பாவில் போட்டுவிடுங்கள். சுற்றும்போது சொரசொரப்பான பக்கம் சோற்றின் மேல் படட்டும். முசுபியைச் செய்த அன்றே சாப்பிட்டுவிடுங்கள். குளிர்பெட்டியில் வைத்தால் சோறு விறைத்துப்போகும்.