மழை நாளுக்கும் சம்பளம்

நெகிரித் தோட்டங்கள் – 17

1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் கணபதி தூக்கிலிடப்பட்டதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். அவர் தலைமை தாங்கிய தொழிற்சங்க சம்மேளனம் அதற்கு முந்தைய ஆண்டே பதிவு நீக்கப்பட்டுவிட்டது. 1948 ஜூனில் அவசரகாலம் வந்த பிறகு சங்கத்தில் முன்நின்றவர்களில் பலர் காட்டுக்குள் போனார்கள், சிலர் சிறைக்குப் போனார்கள், சிலர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். தோட்டத்தில் மிச்சமிருந்தவர்களுக்குச் சங்கம் என்றாலே பயம்.

அந்தப் பயத்தின் நடுவில் ஓர் இருபத்தாறு வயது மலையாளி சங்கம் நடத்திக்கொண்டிருந்தார். பெயர் பி. பி. நாராயணன். 1923-இல் கேரளத்தில் பிறந்து பதின்பருவத்திலேயே மலாயாவுக்கு வந்தவர். ஜப்பான்காரன் காலம் முடிந்த கையோடு உருவான நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கத்தில்தான் அவருடைய பொதுவாழ்வு தொடங்கியது. ஜப்பான்காரனின் சயாம் ரயில்பாதைக்குப் போனவர்களில் பாதிப்பேர் திரும்பாத லயன்கள் அன்றைய தோட்டத்து லயன்கள். திரும்பியவர்கள் அரிசிக்கும் துணிக்கும் அலைந்துகொண்டிருந்தார்கள்.

உயிரைக் கொடுத்தவர்களைப் பற்றி எழுதும்போது பேனா தானாக ஓடும். நாராயணனைப் பற்றி அப்படி எழுத முடியாது. அவர் வாழ்நாளில் பெரும்பகுதி மேசைக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து, அந்தப்பக்கம் இருந்த முதலாளிகள் சங்கத்தாரோடு காசுக்கணக்கில் வாதாடிக் கழிந்தது. அவரைத் துரைமார்களின் செல்லப்பிள்ளை என்று ஏசியவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அந்த ஏச்சில் ஓரளவு நியாயம் இருக்கிறது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அதைப் பேசுவதற்கு முன் மழையைப் பற்றிப் பேச வேண்டும்.

ரப்பர் தோட்டத்தில் மழை சம்பளத்தைத் தின்னும். இன்றைய பிள்ளைகளுக்கு இதை விளக்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. விடிவதற்கு முன் பெரட்டுக்கு வரிசையில் நிற்பார்கள். கிராணி பேர் கூப்பிடுவார், தண்டல் நிரையைக் காட்டுவார். ராத்திரி மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் மரத்தில் கத்தி வைக்க முடியாது. வைத்தால் பால் வெட்டுக்கோட்டில் இறங்காமல் ஈரப்பட்டையெல்லாம் பரவி வீணாகப் போகும். எனவே மரம் காய்வதற்காகக் காத்திருப்பார்கள். எட்டு மணியாகும், ஒன்பதாகும். வெயில் ஏற ஏறப் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால், ஒரு கட்டத்தில் 'இன்னிக்கு வெட்டு இல்ல' என்று சொல்லிவிடுவார்கள். கையில் கத்தியும் வாளியுமாக வீட்டுக்குத் திரும்பினால் அன்றைக்குப் பேர் இல்லை, கூலியும் இல்லை. வெட்டி முடித்த பிறகு மழை பிடித்தால் இன்னும் மோசம்: பால் பிடிக்கும் மங்கில் இருக்கும் பாலோடு தண்ணீர் கலந்து வழிந்துபோகும், உழைத்ததும் போச்சு. இது போதாதென்று ஆண்டுத் தொடக்கத்தில் மரம் இலை உதிர்க்கும் மாதங்களில் பால் வேறு சுருங்கும். வேலைக்கு வரமாட்டேன் என்று தொழிலாளி சொல்லவில்லை. வானமும் மரமும் செய்ததற்கு அவன் வயிறு காய்ந்தது.

வானம் ஒரு பக்கம் என்றால் விலை இன்னொரு பக்கம். கொரியப் போர் மூண்டு 1950, 51-இல் ரப்பர் விலை எகிறியது. துரைமார்கள் கையில் பணம் புரண்டது. விலைக்கேற்பச் சம்பளம் என்ற ஏற்பாடு ஏறும்போது மெதுவாகவும், இறங்கும்போது வேகமாகவும் வேலை செய்தது. நாராயணனின் வாதம் எளிமையானது. லண்டன் சந்தையில் நடப்பதற்கு நெகிரியின் ரந்தாவிலும் லாபுவிலும் பால் வெட்டுகிறவன் ஏன் பொறுப்பேற்க வேண்டும்? மழைக்கு அவன் ஏன் பொறுப்பேற்க வேண்டும்? மாதம் பிறந்தால் கிராணிக்குச் சம்பளம் உண்டு. வெட்டுக்காரனுக்கு ஏன் இல்லை?

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்றைய தோட்டத்தில் கிராணி நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் மலையாளிகளும் யாழ்ப்பாணத்தாரும் அதிகம். லயத்துத் தமிழர்களுக்கும் அவர்களுக்கும் நல்லுறவு இருந்ததாக யாரும் சொல்லமாட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மலையாளியைத் தமிழ்த் தொழிலாளர்கள் தங்கள் ஆளாக ஏற்றுக்கொண்டது சாதாரண விஷயமல்ல.

1954-இல் மாநிலவாரியாகச் சிதறிக் கிடந்த தோட்டச் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆனது. நாராயணன் பொதுச்செயலாளர். நாட்டிலேயே பெரிய தொழிற்சங்கமாக அது வளர்ந்தது. சம்பள நாளன்று ஆபீஸ் வாசலில் தோட்டக் கிளைக்காரர் சந்தா வாங்கி ரசீது கிழித்துக் கொடுப்பது வழக்கமானது. சங்கம் நடத்திய 'சங்கமணி' தமிழ் இதழ் லயம் லயமாகப் போயிற்று; ஒருவர் படிக்கப் பலர் கேட்டார்கள். பேறுகால விடுப்பு, வீடு, தண்ணீர், வேலை நீக்கத்துக்கு விசாரணை என்று ஒவ்வொன்றும் ஒப்பந்தத்தில் எழுத்தாக ஏறியது. துரையிடம் தலைசொறிந்து கேட்ட காலம் போய், எழுதி வைத்ததைக் காட்டிக் கேட்கும் காலம் வந்தது. அவசரகாலச் சட்டங்கள் கழுத்தை நெரித்த ஆண்டுகளில் இதைச் சாதித்தார்கள் என்பதை மறந்துவிட்டு அவரை எடைபோடுவது சரியல்ல.

1962-இல் சமுதாயத் தலைமைக்கான மக்சேசே விருது அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டு அன்னை தெரசாவுக்கும் மக்சேசே விருது கொடுத்தார்கள். பிறகு 1975 முதல் 1992 வரை சுதந்திரத் தொழிற்சங்கங்களின் அனைத்துலகச் சம்மேளனத்துக்குத் தலைவர். பிரசல்ஸ், ஜெனீவா என்று போய்வந்தார்.

அவர் போய்வந்த அந்தக் காலத்தில் தோட்டத்தில் என்ன நடந்தது? அங்கேதான் ஏச்சுக்கு இடம் இருக்கிறது. சங்கத்துக்குப் பெட்டாலிங் ஜெயாவில் கட்டடம் எழுந்தது. தலைமை மாறவே இல்லை. வேலைநிறுத்தம் கடைசி ஆயுதம் என்று சொல்லிச் சொல்லி, அந்த ஆயுதம் உறையிலேயே துருப்பிடித்தது என்று இளைய தலைமுறை குறை கூறியது. பேராசிரியர் பி. ராமசாமி தோட்டத் தொழிலாளர் பற்றிய தம் ஆய்வில் சங்கத்தின் மிதவாதத்தைக் கடுமையாகவே விமர்சித்திருக்கிறார். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள், ஒப்பந்தக்காரர்கள் மூலம் வெளிநாட்டு ஆட்களைக் கொண்டுவந்தார்கள். சந்தாக்காரர்கள் குறைந்தார்கள். 1996-இல் நாராயணன் காலமானபோதும் மழை நாளுக்குச் சம்பளம் வரவில்லை. மாதச் சம்பளம் என்ற பெயரில் 350 ரிங்கிட் 2003-இல்தான் வந்தது. அதற்குள் நெகிரியின் நீலாயைச் சுற்றியிருந்த தோட்டங்களில் தொழிற்பேட்டையும் கல்லூரிகளும் வந்துவிட்டன.

ஆனாலும் சம்பளம் மட்டும் போதாது என்பதை நாராயணனின் சங்கம் முன்கூட்டியே உணர்ந்திருந்தது. அந்த அறிவை நான் பெரிதாக மதிக்கிறேன். ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கிளம்பியபோது, வேலையோடு வீடும் போனது. தோட்டத்தில் வீடு என்பது வேலை இருக்கும்வரைதான். மூன்று தலைமுறை பிறந்த லயமாக இருந்தாலும் ஓய்வு பெற்ற மறுநாள் காலி செய்யச் சொல்லலாம். இதற்கு மருந்தாக ஆளுக்குப் பத்து ரிங்கிட் கட்டித் தோட்டத்தையே வாங்கலாம் என்று 1960-இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளர் சங்கம் வேறு வழியில் போயிற்று. தொழிலாளிக்கே நிலம், அவன் பெயரிலேயே பட்டா.

அந்தக் கனவுக்கு இடம் கிடைத்ததும் இதே நெகிரி செம்பிலானில்தான். ஜெம்போல் மாவட்டத்தில், பகாவ் பக்கம், சங்கத்தின் முயற்சியில் உருவான காட்கோ நிறுவனத்துக்கு 1977-இல் மாநில அரசு நான்காயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் கொடுத்தது. பல தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் வந்தன. கட்ட வேண்டிய பணத்தைச் சேமிப்பிலிருந்து கட்டினார்கள். லயத்தைவிட்டு வெளியே, தமக்கென்று ஒரு கம்பம்: கம்போங் காட்கோ.

பட்டா வரவில்லை. நிலம் கடனுக்கு ஈடாகப் போனது, நிறுவனம் நொடித்தது, 2006-இல் நிலம் ஒரு தனியார் கம்பெனிக்கு விற்கப்பட்டது. முப்பது ஆண்டு வாழ்ந்தவர்கள் ஒரே நாளில் அத்துமீறிக் குடியேறியவர்கள் ஆனார்கள். 2010-களின் நடுவில் அவர்கள் வழி மறித்து உட்கார்ந்தார்கள், கைதானார்கள், நீதிமன்றம் ஏறினார்கள். தூண்டுகோலாக இருந்தது சங்கம் அல்ல, மலேசிய சோசலிசக் கட்சிக்காரர்கள்.

நாராயணனின் வாழ்வுக்கு அஞ்சலி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மக்சேசேயோடு நிறுத்திக்கொள்கிறார்கள். திட்டுகிறவர்கள் 350 ரிங்கிட்டில் தொடங்குகிறார்கள். காட்கோவைப் பற்றி இரு தரப்பும் அதிகம் பேசுவதில்லை. அந்தக் கம்பத்து மக்கள் நிலத்துக்காக நடத்திய வழக்கை அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.

(தொடரும்)