சிம்பலைத் தட்டியது யார்?

ரசிகனுக்கு ஒரு பரீட்சை – 9

போன வாரம் முடிக்கும்போது ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு நழுவியிருந்தேன். நிர்வாணா குழுவின் ‘நெவர்மைண்ட்’ ஆல்பத்தில் மொத்தம் எத்தனை பாட்டு? 12 என்று ஒரு கட்சி. 13 என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியிலும் சிலர் கொஞ்சம் சூடாகவே எழுதியிருந்தார்கள். சண்டை வேண்டாம், இரண்டுக்கும் முழு மார்க்.

1991 செப்டம்பர் 24 அன்று வந்த ஆல்பம் அது. உறையின் பின்பக்கம் பார்த்தால் 12 பாட்டுதான் இருக்கும். பன்னிரண்டாவது பாட்டு முணுமுணுப்பாக முடிந்த பிறகும் சிடியை நிறுத்தாமல் விட்டால் பத்து நிமிஷம் சுத்த மௌனம். ப்ளேயர் நின்றுவிட்டது என்று எழுந்து போகும்போது வீட்டைப் பிரிப்பதுபோல ஒரு சத்தம் கிளம்பும். அதுதான் பதிமூன்றாவது: ‘எண்ட்லெஸ், நேம்லெஸ்’. லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய வான் நைஸில், சவுண்ட் சிட்டி ஸ்டூடியோவில் ‘லித்தியம்’ பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். அது சரியாக அமையவில்லை. எரிச்சலில் பாடகர் கர்ட் கோபேன் வேறு எதையோ வாசிக்க ஆரம்பித்து, கத்திக் குமுறி, கடைசியில் கிட்டாரையே உடைத்துவிட்டார். டேப் ஓடிக்கொண்டிருந்தது. தயாரிப்பாளர் புட்ச் விக் அதை நிறுத்தவில்லை.

வேடிக்கை இதற்குப் பிறகுதான். மாஸ்டரிங் செய்த இடத்தில் இந்தப் பாட்டு தவறுதலாக விடுபட்டுப்போனது. முதலில் அச்சான பிரதிகளில் அது கிடையாது. பின்னால் வந்தவற்றில்தான் சேர்த்தார்கள். ஆக, ஆல்பம் வந்த அன்றே ஓடிப்போய் வாங்கிய ஆசாமியிடம் 12, ஊரே பேசிய பிறகு வாங்கியவரிடம் 13. முதல் நாள் முதல் ஷோ பார்த்தவனுக்குக் கிளைமாக்ஸ் இல்லாத பிரிண்ட் ஓட்டியதுபோல. இதில் யார் அசல் ரசிகர் என்று எந்த வினாத்தாளை வைத்து முடிவு செய்வது?

பீட்டில்ஸைப் பற்றிக் கேள்வித்தாள் தயாரிப்பது சுலபம். கணக்கு வழக்கெல்லாம் சுத்தமாக இருக்கும். நிர்வாணா விஷயத்தில் ஆல்பத்தின் உறையை நம்பிப் பதில் எழுதினாலே ஃபெயிலாகிவிடலாம்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். தமிழில் இந்தப் பெயரைச் சொன்னால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நமக்கு நிர்வாணம் என்றால் முதலில் உடை நினைவுக்கு வரும், புத்தர் அப்புறம்தான். ‘நெவர்மைண்ட்’ அட்டையில் நீருக்கடியில் ஒட்டுத்துணி இல்லாமல் நீந்தும் குழந்தையைப் பார்த்தால் நம் அர்த்தமே பொருத்தம் என்றுகூடத் தோன்றும். கோபேன் எடுத்துக்கொண்டது புத்தருடைய அர்த்தத்தை. பங்க் குழுக்களுக்கு வழக்கமாக வைக்கும் அடிதடிப் பெயர் வேண்டாம், அழகாக ஒன்று வேண்டும் என்று நினைத்தார். அழகான பெயரை அதற்கு முன்பே ஒருவர் எடுத்து வைத்திருப்பார் இல்லையா? 1960-களிலேயே பிரிட்டனில் நிர்வாணா என்று ஒரு குழு இருந்தது. அவர்கள் வழக்குப் போட, சமரசமாக முடிந்தது. “நிர்வாணா தெரியுமா?” என்று யாராவது கேட்டால் “எந்த நிர்வாணா?” என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் அங்கேயே விழுந்துவிடுவார்கள்.

அடுத்தது, ஆட்கள் எத்தனை பேர்? பார்க்க எல்.கே.ஜி. கேள்வி. கோபேன், கிறிஸ்ட் நொவொசெலிக், டேவ் க்ரோல், மூன்று பேர். 1989-இல் வந்த முதல் ஆல்பம் ‘ப்ளீச்’சைக் கையில் எடுங்கள். அட்டையில் கறுப்பு வெள்ளை, அதுவும் நெகடிவாகப் புரட்டிய படம். முடி பறக்க நாலு உருவங்கள் தெரிகின்றன. உள்ளே, கிட்டார்: ஜேசன் எவர்மன் என்று போட்டிருக்கிறது. அந்த ஆல்பத்தில் எவர்மன் ஒரு கம்பியைக்கூட மீட்டவில்லை! சியாட்டிலில் ஜாக் எண்டினோ பதிவு செய்து கொடுத்ததற்கு ஆன செலவு 606 டாலர் 17 சென்ட். அதைக் கட்டியவர் எவர்மன். நன்றிக்காகவும், குழுவில் அப்போது சேர்ந்திருந்ததாலும் பெயரைப் போட்டார்கள். கல்யாணப் பந்தலுக்குக் காசு கொடுத்தவரை போட்டோவில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிறுத்துவதில்லையா, அதுபோலத்தான். சில மாதங்களில் அவர் வெளியே வந்தார். கொஞ்ச காலம் சௌண்ட்கார்டன் குழுவில் பேஸ் வாசித்தார். பிறகு அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து, சிறப்புப் படை வீரராக ஆப்கானிஸ்தான், இராக் என்று போய்வந்து, கடைசியில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்துப் பட்டம் வாங்கினார். இந்த மனிதரைப் பற்றித் தனியாகவே இரண்டு வாரம் எழுதலாம்.

அதே ‘ப்ளீச்’ உறையில் பாடகரின் பெயர் ‘குர்ட்ட் கோபேன்’ என்கிற தினுசில் எழுத்து மாற்றி அச்சாகியிருக்கிறது. செய்தவர் அவரேதான். தன் பெயரையே சரியாக எழுத விரும்பாத ஒருவரைப் பற்றி நாம் எழுத்துப்பிழை பார்த்து மார்க் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

ட்ரம்ஸ் வாசித்தவர்கள் பட்டியல் இன்னும் மோசம். ஆரன் பர்க்ஹார்ட், டேல் க்ரோவர், டேவ் ஃபாஸ்டர், சாட் சானிங், டான் பீட்டர்ஸ், அப்புறம்தான் க்ரோல். பீட்டர்ஸ் ‘ஸ்லிவர்’ என்ற ஒரே ஒரு பாட்டில் வாசித்தார், 1990 செப்டம்பரில் ஒரே ஒரு மேடை ஏறினார், அதோடு சரி. அந்தக் கச்சேரியில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் க்ரோல்.

‘நெவர்மைண்ட்’டில் ட்ரம்ஸ் யார் என்று கேட்டால் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு க்ரோல் என்பார்கள். ‘பாலி’ என்ற பாட்டைத் தவிர. அது 1990 ஏப்ரலில், விஸ்கான்சின் மாநிலத்து மேடிசனில், க்ரோல் வருவதற்கு முன்பே பதிவானது. மறுபடி பதிவு செய்யாமல் அப்படியே ஆல்பத்தில் சேர்த்தார்கள். அடகுக் கடையில் வாங்கிய மலிவு கிட்டார், பேஸ், குரல், இடையில் சில இடங்களில் மட்டும் சிம்பல். (ஜால்ரா என்று எழுதக் கை வந்தது. எழுதினால் அர்த்தம் வேறாகிவிடும்.) அந்தச் சிம்பலைத் தட்டியவர் சாட் சானிங். கோடிக்கணக்கில் விற்ற ஆல்பத்தின் உறையில் அவர் பெயர் இல்லை. வாசிக்காதவர் பெயர் ஒரு ஆல்பத்தில், வாசித்தவர் பெயர் இல்லாமல் இன்னொன்று! 2014-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் குழுவைச் சேர்த்தபோது சானிங் அந்தக் கௌரவத்தில் சேரவில்லை, பார்வையாளராக உட்கார்ந்திருந்தார். மேடையிலிருந்து க்ரோல் அவர் பெயரைச் சொல்லி, தான் வாசித்தவற்றில் சில சானிங் அமைத்துவைத்தவை என்று சபையறிய நன்றி சொன்னார்.

இனி சட்டை விவகாரம். கறுப்பு டி-ஷர்ட்டில் மஞ்சள் முகம், கண்ணுக்குப் பதில் இரண்டு எக்ஸ், கோணலாகத் தொங்கும் நாக்கு. அதைப் போட்டுக்கொண்டு ஒரு சின்னப் பெண் போனால் வழிமறித்து, “எங்கே, மூணு பாட்டு சொல்லு பார்ப்போம்” என்று கேட்கும் அண்ணன்மார்கள் உலகம் முழுக்க உண்டு. எனக்கு இந்த அண்ணன்களைப் பிடிப்பதில்லை. அவர்களிடம் நான் கேட்க நினைப்பது, அந்த முகத்தை வரைந்தது யார்? கோபேன் என்று பட்டென்று வரும். அதே முகத்துக்காக ஒரு ஃபேஷன் நிறுவனத்தோடு குழுவின் தரப்பு வழக்காடிக்கொண்டிருந்தபோது, ரெக்கார்டு கம்பெனியில் வேலை பார்த்த ராபர்ட் ஃபிஷர் என்ற ஓவியர் உள்ளே வந்து, வரைந்தது நான்தான் என்றார். நீதிமன்றத்துக்கே வருஷக்கணக்கில் இழுத்த கேள்வி அது.

கோபேனுக்கும் ரசிகர்களைப் பற்றி ஒரு வடிகட்டல் இருந்தது, ஆனால் அது பாட்டு எண்ணிக்கை அல்ல. 1992 ஜனவரியில் ‘நெவர்மைண்ட்’ மைக்கேல் ஜாக்சனின் ‘டேஞ்சரஸை’ இறக்கிவிட்டு பில்போர்ட் பட்டியலில் முதலிடத்தில் உட்கார்ந்தது. பள்ளிக்கூடத்தில் தன்னை அடித்துத் துரத்திய ரகப் பையன்களே இப்போது தன் கச்சேரியின் முதல் வரிசையில் குதிப்பதைப் பார்த்தார். அந்த வருஷக் கடைசியில் வந்த ‘இன்செஸ்டிசைட்’ தொகுப்பின் உறையில், நிறம் பார்த்தோ பெண் என்று பார்த்தோ ஓரினச் சேர்க்கையாளர் என்று பார்த்தோ வெறுப்பவர்கள் தயவுசெய்து எங்கள் பாட்டை வாங்கவும் வேண்டாம், கச்சேரிக்கு வரவும் வேண்டாம் என்ற கருத்தில் எழுதிவைத்தார். அவருடைய வினாத்தாளில் இருந்தது அந்த ஒரு கேள்விதான்.

அதே 1992-இல்தான் க்ரஞ்ச் என்ற நிர்வாணா வகை இசையின் சரித்திரத்தில் மிகப் பெரிய பரீட்சை மோசடியும் நடந்தது. சியாட்டில் இளைஞர்கள் என்ன உடுத்துகிறார்கள், எப்படிப் பேசுகிறார்கள் என்று நியூயார்க் டைம்ஸுக்குத் தெரியவேண்டியிருந்தது. நிருபர், நிர்வாணாவின் முதல் ஆல்பத்தை வெளியிட்ட சப் பாப் நிறுவனத்துக்குப் போன் செய்தார். அவர்கள், முன்பு தங்களிடம் வரவேற்பாளராக இருந்த மேகன் ஜாஸ்பரிடம் தள்ளிவிட்டார்கள். க்ரஞ்ச் பாஷை என்று எதுவும் கிடையாது என்று ஜாஸ்பருக்குத் தெரியும். ஆனாலும் கேட்கிறார்களே என்று, நிருபர் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, வாய்க்கு வந்ததையெல்லாம் அடித்துவிட்டார். கிழிந்த பழைய ஜீன்ஸுக்கு ‘வாக் ஸ்லாக்ஸ்’. ரசனை கெட்டவனுக்கு ‘லேம்ஸ்டெயின்’. சும்மா ஊர் சுற்றுவதற்கு ‘ஸ்விங்கிங் ஆன் த ஃப்ளிப்பிட்டி ஃப்ளாப்’. எந்த இடத்திலாவது நிருபர் சிரித்துவிடுவார் என்று எதிர்பார்த்தாராம். மறுமுனையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள்.

நவம்பரில் அது அகராதியாகவே அச்சாகிவிட்டது. ‘த பாஃப்லர்’ என்ற சிறுபத்திரிகை விஷயத்தை உடைத்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. சியாட்டிலில் ஒரு ரெக்கார்டு கம்பெனி ‘லேம்ஸ்டெயின்’ என்று டி-ஷர்ட்டே அடித்து விற்றது. அந்த அகராதியைப் பத்திரிகையில் படித்து மனப்பாடம் செய்தவன் பரீட்சையில் பாஸ், அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன் ஃபெயில். ஜாஸ்பர் பின்னாளில் சப் பாப்புக்கே தலைமைச் செயல் அதிகாரியானார்.

கோபேனே ஒரு பேப்பரில் தோற்றவர். ‘பிகினி கில்’ குழுவின் கேத்லீன் ஹன்னா ஓர் இரவு அவர் வீட்டுச் சுவரில், உன்மேல் டீன் ஸ்பிரிட் வாசம் அடிக்கிறது என்ற மாதிரி ஸ்ப்ரே பெயின்ட்டில் எழுதிவிட்டுப் போனார். இளைஞர்களின் புரட்சி ஆவேசத்தைச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டு அதையே பாட்டின் தலைப்பாக்கினார் கோபேன். டீன் ஸ்பிரிட் என்பது பெண்பிள்ளைகள் அக்குளில் பூசிக்கொள்ளும் டியோடரன்ட். அப்போதைய தோழி டோபி வெய்ல் பூசுவது. பாட்டு வெளியாகிச் சில மாதம் ஆன பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

இவ்வளவும் எழுதிவிட்டு ‘பாலி’யை மறுபடி ஹெட்போனில் போட்டுக் கேட்டேன். இரண்டு நிமிஷத்தை நெருங்கும்போது ஓர் இடம் வருகிறது. வாத்தியம் கொஞ்சம் அடங்குகிறது. கோபேன் அடுத்த சரணத்தைப் பிடிக்கிறார், ஆனால் சீக்கிரமே பிடித்துவிட்டார். பாட்டில் வரும் பெண்ணின் பெயரைச் சொல்லி வாயெடுத்தவர் சட்டென்று நிறுத்திக்கொள்கிறார். கிட்டார் தன்பாட்டுக்குப் போகிறது. முறைப்படி வரவேண்டிய இடம் வந்ததும் அதே வார்த்தைகளில் மறுபடி தொடங்குகிறார். தப்பு. புட்ச் விக் அதை வெட்டாமல் அப்படியே விட்டிருக்கிறார். எத்தனையோ வருஷமாகக் கேட்கிற பாட்டு. அது தப்பு என்று யாரோ சொல்லித்தான் எனக்கும் தெரிந்தது. அதுவரை வேண்டுமென்றே செய்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரத்துக்கான கேள்வி. 1993 நவம்பர் 18 அன்று நியூயார்க்கில் எம்டிவி அன்பிளக்டுக்காக லில்லி மலர்களுக்கும் மெழுகுவத்திகளுக்கும் நடுவே உட்கார்ந்து 14 பாட்டு பாடினார்கள். அதில் 6 மற்றவர்களுடையவை. கண்ணை இறுக மூடிப் பாடிய கடைசிப் பாட்டு யாருடையது? லெட் பெல்லி என்று உடனே எழுதிவிடாதீர்கள், அதற்கு அரை மார்க்தான்.

(பரீட்சை தொடரும்)