காலுறை இறுக்குகிறதா? கவனம் தேவை!

காலில் மாட்டும் காலுறையைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் சிரிக்கக் கூடும். சிரிக்கட்டும். சம்பளம், போனஸ், வீட்டுப் பிரச்சினை என்று எழுத வேண்டிய சங்கத்துக்காரர்கள் ஸ்டோக்கினைப் பிடித்துக்கொண்டார்களே என்று கேலியும் பேசலாம். உழைப்பாளிக்கு மூலதனம் அவனுடைய கை என்கிறோம். அந்தக் கையை வேலைக்காட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது கால் அல்லவா? கால் போனால் கை எங்கே போகும்?

சில வாரங்களுக்கு முன் ரவாங்கில் ஒரு பழைய தோட்டத்துக் குடும்பத்தைப் பார்க்கப் போயிருந்தோம். இருபது வருஷத்துக்கு மேல் பால் வெட்டிய அக்கா அவர். தோட்டம் வீடமைப்புக்குப் போன பிறகு தொழிற்சாலை ஒன்றில் துப்புரவு வேலை. கணவர் செம்பனைக் குலை அறுத்தவர். இப்போது வாசலில் நின்று காவல் பார்க்கிறார். நாம் போன நேரம் அக்கா வேலை முடிந்து வந்து, ஐந்தடியில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். கறுப்புக் காலுறையை உருட்டி எடுத்ததும் நமக்குத் திக்கென்றது. முழங்காலுக்குக் கீழே சுற்றிலும் ஒரு பள்ளம், மரத்தில் வெட்டுக்கோடு போட்டதுபோல. அதற்குக் கீழே கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது. பள்ளத்தின் ஓரத்தில் ஐந்து காசு அகலத்தில் ஒரு புண்.

"என்னக்கா இது? வலிக்கலையா?"

"எங்க தம்பி வலிக்குது? எனக்குத்தான் இனிப்புநீர் ஆச்சே. காலு மரத்துப் போயி ரெண்டு வருஷமாச்சு. ஸ்டோக்கின் கொஞ்சம் இறுக்கம், அவ்வளவுதான்."

வலிக்காததுதான் ஆபத்து என்று அவருக்கு எடுத்துச் சொல்ல அரை மணி நேரம் பிடித்தது.

அதே வீட்டில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. அண்ணனுக்குக் கெண்டைக்காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கிறது. டாக்டர் அழுத்தக் காலுறை போடச் சொல்லியிருக்கிறார். காசு கொடுத்து வாங்கிய அந்தக் காலுறை அலமாரியில் கிடக்கிறது. "போட்டுப் பார்த்தேன். உயிர் போகுற மாதிரி இறுக்குது. ஆள விடுங்கப்பா" என்கிறார்.

இறுக்கமே ஆகாத காலுக்கு இறுக்கம். இறுக்கம் வேண்டிய காலுக்கு அது இல்லை! ஒரே கூரையின் கீழ் இரண்டு தவறு. நம் பாட்டாளிக் குடும்பங்கள் பலவற்றில் இந்தக் கதைதான் என்பதால் இதை விளக்கமாக எழுதத் துணிந்தோம்.

இறுக்கம் செய்யும் வேலை

இதயத்திலிருந்து காலுக்கு இறங்கும் ரத்தம் மறுபடி மேலே ஏறவேண்டும். அதை ஏற்றிவிடும் பம்பு நம் கெண்டைச்சதைதான். நடக்கும்போது அந்தச் சதை சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளுகிறது. ரத்தக் குழாய்க்குள் இருக்கும் சின்னச் சின்னக் கதவுகள் அதைக் கீழே விழாமல் தடுக்கின்றன. நடக்காமல் ஒரே இடத்தில் மணிக்கணக்காக நின்றால் பம்பு ஓடாது. ரத்தம் கீழே தேங்கும். கதவுகள் பழுதாகும். நரம்பு புடைக்கும், கணுக்கால் வீங்கும். மரத்துக்கு மரம் நடந்த காலத்தில் இல்லாத வீக்கம், வாசலில் நிற்கும் காலத்தில் வருவது இதனால்தான்.

இந்த நிலையில் சாதாரணக் காலுறையைப் பாருங்கள். கணுக்காலில் தொளதொளவென்று இருக்கும். மேல் விளிம்பில் மட்டும் லாஸ்டிக் கயிறுபோல் இறுக்கும். மேலே ஏறும் ரத்தத்துக்கு அங்கே ஓர் அணை கட்டியதுபோல் ஆகிவிடும். கீழே நீர் சேரும். சேரச் சேர வளையம் இன்னும் இறுகும்.

மருத்துவ அழுத்தக் காலுறை இதற்கு நேர் மாறானது. கணுக்காலில்தான் அழுத்தம் அதிகம். மேலே போகப் போகக் குறைந்துகொண்டே வரும். அதனால் ரத்தத்தைக் கீழிருந்து மேலே ஏற்றிவிடும்.

இந்தக் காலுறைக்கு வழிகாட்டியவர் கான்ராட் ஜோப்ஸ்ட் என்ற பொறியியலாளர். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து டொலிடோ நகரில் இருந்தவர். அவருக்கே கால் நரம்பு நோய் இருந்தது. நீச்சல் குளத்தில் நிற்கும்போது மட்டும் வலி குறைவதைக் கவனித்தார். தண்ணீர் ஆழத்தில் அதிகமாகவும் மேலே குறைவாகவும் அழுத்துகிறது; அதையே துணியில் செய்தால் என்ன என்று யோசித்தார். 1950ஆம் ஆண்டு வாக்கில் அவர் செய்த காலுறைதான் இன்று உலகம் முழுவதும் பரவியிருக்கிறது. நம் ரவாங் மக்கள் இதைச் சோதித்துப் பார்க்க அமெரிக்காவுக்குப் போகவேண்டியதில்லை. பக்கத்தில் காஞ்சிங் நீர்வீழ்ச்சிக்குப் போய், முழங்காலுக்கு மேல் தண்ணீரில் சிறிது நேரம் நின்று பாருங்கள். கால் லேசாவது ஏன் என்று புரியும்.

நம் வேர்வையும் இதில் உண்டு

லாஸ்டிக் என்பது நமக்கு அந்நியச் சரக்கு அல்ல. 1820ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் என்பவர் கையுறை, சப்பாத்து, காலுறை ஆகியவற்றை ரப்பரால் இழுத்துப் பிடிக்கும் முறைக்கு உரிமை பெற்றார். அப்போது ரப்பர் வந்தது தென்னமெரிக்கக் காட்டிலிருந்து. பிற்பாடு நம் முன்னோர் இந்த மண்ணில் விடியற்காலை இருட்டில் எழுந்து வெட்டிய பால் உலகச் சந்தைக்குப் போயிற்று. அந்தப் பாலிலிருந்தே ரப்பர் நூல் செய்து விற்கும் நாடாகவும் மலேசியா பிறகு வளர்ந்தது. 1958ல் ஸ்பாண்டெக்ஸ் என்ற செயற்கை இழை கண்டுபிடிக்கப்பட்டது. இன்று பெரும்பாலான காலுறைகளில் இருப்பது அதுதான். ஆனாலும் ரப்பர் நூல் அடியோடு மறைந்துவிடவில்லை.

பால் வெட்டியவர்களுக்கு ரப்பரின் குணம் தெரியும். நீட்டியே வைத்தால் நாளாக நாளாக இழுவை குறையும். வெயில் பட்டால் வெடிக்கும். எண்ணெய் பட்டால் ஊறிக் கெட்டுப்போகும். இந்த அறிவை வைத்தே காலுறையைச் சரி செய்யலாம்.

சாதாரணக் காலுறையைத் தளர்த்த

பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளைக் காலுறைக்கும், வேலைக்குப் போடும் காலுறைக்கும் இது பொருந்தும்.

முதலாவது, புதுக் காலுறையை ஒரு முறை துவைத்து, கெண்டைக்காலைவிடச் சற்றுப் பருத்த மைலோ டின்னிலோ பிஸ்கட் டின்னிலோ மேல் விளிம்பை மாட்டி இரவு முழுக்க விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று இரவு செய்தால் இறுக்கம் குறையும்.

இரண்டாவது, அதற்கும் அடங்காவிட்டால் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சுற்றி ஓடும் லாஸ்டிக் இழைகள் தெரியும். ஊசியால் ஒன்றிரண்டு இழைகளை நெம்பி எடுத்து வெட்டிவிடலாம். துணியை வெட்டவேண்டாம், பிரிந்துவிடும்.

மூன்றாவது, மேல் விளிம்பை மடித்துவிடும் பழக்கத்தை விடுங்கள். ஒரு வளையம் இரண்டு வளையமாகி இறுக்கமும் கூடும்.

நான்காவது, காலுறை நழுவுகிறது என்று ரப்பர் வளையம் போடவே கூடாது. சைக்கிள் டியூப்பை வளையமாக வெட்டிக் காலில் மாட்டிக்கொண்டு நாமே தோட்டப் பள்ளிக்குப் போனதுண்டு. அட்டை ஏறாமல் இருக்கப் பெரியவர்களும் அப்படிக் கட்டினார்கள். அட்டைக்குத் தடுப்பு வேண்டுமானால் நெருங்கிய நெசவுள்ள நீளக் காலுறையைப் போட்டு, சிலுவார் நுனியை அதற்குள் செருகிக்கொண்டால் போதும்.

ஐந்தாவது, ரப்பர் பூட்ஸ் போடுகிறவர்கள் பூட்ஸ் விளிம்புக்கு மேலே வரும் பருத்திக் காலுறையாகப் போடுங்கள். விளிம்பு உராயாது. மாற்று ஜோடி ஒன்று பையில் இருக்கட்டும். ஈரக் காலுறை சுருங்கி இறுக்கும். விரல் இடுக்கில் சேற்றுப்புண்ணும் வரும்.

இனிப்புநீர்க்காரர்களுக்குத் தனி எச்சரிக்கை. உங்களுக்கு லாஸ்டிக் விளிம்பு இல்லாத, தையல் முடிச்சு துருத்தாத, வெளிர் நிறக் காலுறைதான் ஏற்றது. வெளிர் நிறம் எதற்கென்றால், ரத்தமோ சீழோ பட்டால் உடனே தெரியும். 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டுப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். ஆறு பேரில் ஒருவருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் இரவில் காலைக் கழுவித் துடைத்து, அடிப்பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். கண் தெரியாதவர்களுக்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லட்டும். சின்னப் புண்ணானாலும் மஞ்சள் பூசி மறைக்காமல் கிளினிக்குக்குப் போய்விடுங்கள். ஆறாத புண்தான் காலை எடுக்கும் வரை கொண்டுபோய் விடுகிறது.

அழுத்தக் காலுறையைத் தளர்த்தாதீர்

டாக்டர் எழுதிக் கொடுத்த அழுத்தக் காலுறையை மைலோ டின்னில் மாட்டாதீர்கள், இழையை வெட்டாதீர்கள். இறுக்கம்தான் அதற்கு மருந்து. போடும் முறை தெரிந்தால் வேதனை பாதியாகும்.

காலையில் படுக்கையை விட்டு எழுந்து நடமாடும் முன்பே போடவேண்டும். அப்போது வீக்கம் குறைவு. நேரம் தப்பிவிட்டால் கால்மணி நேரம் தலையணை மேல் காலைத் தூக்கி வைத்துப் படுத்துவிட்டுப் போடுங்கள். கால் நன்றாகக் காய்ந்திருக்கவேண்டும். காலுறைக்குள் கையை விட்டுக் குதிகால் பகுதியைப் பிடித்து, அதுவரை உள்புறம் வெளியே வரும்படி திருப்புங்கள். பாதத்தை நுழைத்துக் குதிகாலைச் சரியாக உட்கார வையுங்கள். பிறகு மிச்சத்தைச் சிறுகச் சிறுக மேலே ஏற்றுங்கள். மேல் விளிம்பைப் பிடித்து இழுக்கவே கூடாது. பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டால் பிடி வழுக்காது. விரல் பக்கம் திறந்த காலுறையானால், பாதத்தில் ஒரு வழுவழுப்பான பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு அதன் மேல் காலுறையை ஏற்றி, பையை விரல் பக்கமாக உருவிவிடலாம். சுருக்கம் ஒன்றுகூட இருக்கக்கூடாது. சுருக்கம் விழுந்த இடமே கயிறாகும்.

இரவில் படுக்கும்போது கழற்றிவிடுங்கள். எண்ணெய், களிம்பு எல்லாம் அப்போதுதான். மென்மையான சவுக்காரத்தில் கையால் கசக்கி நிழலில் உலர்த்துங்கள். ஆறு மாதம் போல உழைத்தபின் பிடிப்பு போய்விடும்; மாற்றவேண்டும்.

ஆனால் ஒன்று. பக்கத்து வீட்டுக்காரர் போடுகிறார் என்று நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். காலுக்கு இறங்கும் ரத்தக் குழாய் அடைத்திருந்தால் இந்தக் காலுறையே காலைக் கெடுக்கும். டாக்டர் பாதத்தில் நாடி பார்த்து, கணுக்காலையும் கெண்டைக்காலையும் அளந்த பிறகே வாங்கவேண்டும். போட்ட பின் விரல் நீலம் பாய்ந்தாலோ, குளிர்ந்தாலோ, மரத்தாலோ உடனே கழற்றுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தாலும், வீக்கத்தோடு மூச்சு வாங்கினாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

குற்றம் காலுறையில் மட்டுமா?

பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைத்துவிட்டுக் காலுறையைக் குறை சொல்லிப் பயன் என்ன? நமது வேலைச் சட்டத்தின் 60ஏ பிரிவு, ஐந்து மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தால் அரை மணி நேரமாவது ஓய்வு தரவேண்டும் என்கிறது. இடைவிடாமல் ஆள் இருக்கவேண்டிய வேலையானால் எட்டு மணி நேரத்துக்குள் மொத்தம் 45 நிமிடமாவது சாப்பாட்டுக்கு விடவேண்டும். 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 26ஆவது பிரிவின்படி, சட்டம் கேட்கும் பாதுகாப்புப் பொருளுக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக்கூடாது. அளவு சேராத பூட்ஸைக் கொடுத்து "இதுதான் இருக்கு, போட்டுக்கோ" என்றால் வாய் மூடி இருக்காதீர்கள். காவல் கொட்டகையில் ஒரு நாற்காலி கேட்பது பிச்சை அல்ல. நாற்காலி கிடைக்கும் வரை, நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். பம்பு ஓடும்.

அக்காவை மறுநாளே அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். கட்டணம் ஒரு வெள்ளி. புண்ணைக் கழுவிக் கட்டினார்கள். வாராவாரம் வரச் சொன்னார்கள். "இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா விரல் போயிருக்கும்னு சொன்னாங்க தம்பி" என்று போன கிழமை சொன்னார். புண் காய்ந்து வருகிறது. அண்ணன் இப்போது விடியற்காலையில் ரப்பர் கையுறையும் அழுத்தக் காலுறையுமாகக் கட்டிலில் மல்லுக்கட்டுகிறார். முதல் நாள் இருபது நிமிடம் ஆனதாம். இப்போது ஐந்து நிமிடம்.

இன்றிரவு வேலை விட்டு வந்ததும் உங்கள் காலுறையைக் கழற்றிக் காலைப் பாருங்கள். சுற்றிலும் பள்ளம் விழுந்திருந்தால் அந்தக் காலுறையைப் பற்றி நாளைக்கே ஒரு முடிவு செய்யுங்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்களின் காலையும் மறக்காமல் பாருங்கள்.