சேனாநாயக்க சமுத்திரத்தில் ஒரு படகுப் பயணம்

வெள்ளவத்தையில் வாழ்பவருக்குக் கடல் பக்கத்தில். கொட்டாஞ்சேனையில் வாழ்பவருக்குத் துறைமுகம் பக்கத்தில். ஆனால் காடும் மலையும் சூழ்ந்த நன்னீர்ப் பரப்பில் குடும்பத்தோடு ஒரு நாள் படகில் போய்வர விரும்பினால், கொழும்பிலிருந்து சுமார் 300 கிலோமீற்றர் பயணம் செய்து இங்கினியாகலைக்குச் செல்ல வேண்டும். நாட்டின் மிகப்பெரிய நீர்த்தேக்கங்களில் ஒன்றான சேனாநாயக்க சமுத்திரம் அங்கேதான் உள்ளது. நிறைந்திருக்கும்போது அதன் பரப்பு சுமார் 78 சதுர கிலோமீற்றர். கொழும்பு மாநகர சபை எல்லையைப் போல இரு மடங்கு!

பெயரில் சமுத்திரம் இருந்தாலும் இது இயற்கையான ஏரியன்று. பதுளைப் பக்கத்து மலைகளில் பிறந்து கிழக்குக் கடலை நோக்கி ஓடுகிறது கல்லோயா. நம்மவர் அதைப் பட்டிப்பளை ஆறு என்பர். பிரதமர் டி. எஸ். சேனாநாயக்கவின் காலத்தில், 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு, இரு குன்றுகளுக்கிடையே இந்த ஆறு மறிக்கப்பட்டது. பின்னால் இருந்த பள்ளத்தாக்கு மெல்ல மெல்ல நீரில் மூழ்கியது. வேடுவ மக்கள் வாழ்ந்த காடுகளும் அதில் அடங்கும்.

படகிலிருந்து நாம் காணும் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் இதில்தான் உள்ளது. தீவுகள் எனத் தோன்றுபவை அன்றைய குன்றுகளின் உச்சிகள். நீருக்கு மேலே நிற்கும் பட்ட மரங்கள் மூழ்கிய காட்டின் மிச்சம். அவற்றில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்துகின்றன.

யானைகளின் கதையும் அப்படியே. 1954இல் நீர்த்தேக்கத்தைச் சுற்றிய காடு கல்லோயா தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. அங்குள்ள யானைகள் புல்லைத் தேடித் தீவுக்குத் தீவு நீந்திச் செல்கின்றன. உடல் முழுவதும் நீரில் அமிழ்ந்திருக்க, தும்பிக்கையை மட்டும் மேலே உயர்த்தி மூச்சு விடும். அத்தனை பாரமான உடலை நீர் தாங்கிக்கொள்கிறது. மார்ச் முதல் ஜூலை வரையான காலம் இக்காட்சிக்கு ஏற்றது. நீந்தும் யானையின் பாதையைப் படகு மறிக்கக் கூடாது. களைத்த யானைக்கு நடு நீரில் ஓய்வெடுக்க இடமில்லை.

ஏப்ரல் விடுமுறையில் சென்றவர் செப்டெம்பரில் மீண்டும் சென்றால், 'இத்தனை நீரும் எங்கே போனது?' என்று கேட்கக்கூடும். வடகீழ்ப் பருவமழையில் நிறையும் நீர், சிறுபோகத்தில் வாய்க்கால் வழியே வயல்களுக்குப் போகிறது. சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று எனக் கரையோர ஊர்களின் நெல் இந்த நீரை நம்பியே விளைகிறது. நாம் உல்லாசமாகச் சுற்றும் நீர் ஒரு விவசாயியின் சேமிப்பு. அதில் ஒரு பிளாஸ்டிக் போத்தலை வீசும் உரிமை நமக்கில்லை.

பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்து, பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தனர். அது உல்லாசப் பயணமன்று. பாலம் கட்டி முடியாததால் அன்றாடம் கடந்த வழி. விரும்பிச் செல்லும் பயணத்தில் கவனக்குறைவுக்குச் சாக்கே கிடையாது. படகு எத்தனை பேருக்கானது என்று கேட்டு ஏறுங்கள். நீந்தத் தெரிந்தவரும் உயிர்காப்பு அங்கியை அணிந்து, பட்டிகளை இறுகப் பூட்ட வேண்டும். அபாயாவுக்கு மேலேயே அதை அணியலாம். முந்தானையும் துப்பட்டாவும் இயந்திரத்தின் பக்கம் பறக்காதபடி உள்ளே செருகிக்கொள்ளுங்கள். படம் எடுப்பதற்காக எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் படகு சரியும். காற்று பலத்தால் திரும்பிவிடலாம் எனப் படகோட்டி சொன்னால், யானையைக் காணாவிட்டாலும் திரும்பிவிடுங்கள். அவர் அந்த நீரை நாள்தோறும் பார்ப்பவர்.